எல்லாவற்றுக்கும் ‘நான்தான்’ என்றவர்

பல வருஷம் இந்த வேலையில் இருந்துவிட்டால், வீட்டார் பாதி சொல்லும்போதே மீதி நமக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும். தூக்கமில்லை, கத்துகிறான், வேலைக்குப் போவதில்லை, தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கும் சீக்கிரமே அந்தப் பழக்கம் வந்துவிடும். அம்சா வந்த அன்று அது எனக்குக் கைகொடுக்கவில்லை. அதனால் அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது உத்திரமேரூர் வட்டாரத்துக்கு மனநல டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார். சமூகப் பணியாளராக நானும் கூட வருவேன். டாக்டர் பார்த்து மருந்து எழுதுவார். வீட்டில் என்ன நடக்கிறது, யார் கூட இருக்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று உட்கார்ந்து பேசுவது என் வேலை. அம்சா மானாம்பதிப் பக்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்திருந்தாள். கூட அவள் கணவர் ஏழுமலை. இரண்டு பெயரும் நான் வைத்தவை. இதில் வரும் எல்லாப் பெயர்களும் அப்படித்தான். ஏழுமலைக்கு முப்பது வயது இருக்காது. நல்ல உடம்பு, ரைஸ் மில்லில் மெஷின் ஓட்டும் வேலை. நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டே இருந்தார்.

“என்னம்மா பிரச்னை?” என்றேன்.

“எங்க வூட்டுக்காரு சண்டையே போடமாட்டாரு மேடம்.”

மருந்துச் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். அம்சா சிரிக்கவில்லை.

“எல்லாரும் இப்டிதான் சிரிக்கிறாங்கோ. நீ குடுத்துவச்சவடின்றாங்கோ. நான் தப்பா பேசினாலும் ஆமான்றாரு மேடம். கொழம்புல நான் உப்பு போட மறந்தேன், அதுக்கு அவரு மன்னிப்பு கேக்குறாரு. பூனை சட்டிய உருட்டி ஒடச்சிச்சு, நான் கண்ணால பாத்தேன். யாரு ஒடச்சதுன்னு சும்மா வாய் வுட்டு கேட்டேன். நான்தான்றாரு. எனக்கு பயமா கீது.”

“உட்காருங்க ஏழுமலை,” என்றேன். உடனே உட்கார்ந்தார். முதுகு நாற்காலியில் படவில்லை. இரண்டு கையும் முழங்காலின் மேல். வளர்ந்த ஓர் ஆள் அப்படி உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எங்கே வளர்ந்தார், என்ன படித்தார் என்று கேட்டுக்கொண்டே வந்தபோது நடுவில் ஓர் இடைவெளி விழுந்தது. ஒன்பதாம் வகுப்புவரை ஊர்ப் பள்ளி. பிறகு நேராக மில் வேலை. அதற்கு நடுவில்?

“ஆஸ்டல்ல இருந்தேன் மேடம்.”

“எந்த ஆஸ்டல்?”

“திருத்தறதுக்கு வுடுவாங்களே, அது.”

 அதற்குமேல் அன்று நான் கேட்கவில்லை.

அவர் அதை ஒரே மூச்சில் என்றைக்கும் சொன்னதில்லை. பல மாதங்களில், துண்டு துண்டாக வந்தது. அம்மா காய்ச்சலில் இறந்த வருஷம் அவருக்குப் பதினைந்து வயது. பள்ளிக்குப் போகாமல் ஏரிக்கரையில் பையன்களோடு சுற்றினார். ஒரு முறை குடித்தார். ஒரு முறை அப்பாவின் டிராக்டரை எடுத்து வாய்க்காலில் இறக்கிவிட்டார். அவ்வளவுதான் குற்றம். தனி ஆளாக நின்ற அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடித்துப் பார்த்தார். அப்போது யாரோ ஒருவர், வேறு மாவட்டத்தில் மலையடிவாரத்தில் ஓர் இடம் இருக்கிறது, தறுதலைப் பிள்ளைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு தங்கமாக்கித் திருப்பித் தருகிறார்கள் என்று சொன்னார். ஒரு காலை வேளையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் வேனில் வந்து, பாயில் தூங்கிக்கொண்டிருந்த பையனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே பேசுவதற்கு அனுமதி வேண்டும். சுவரைப் பார்த்து மணிக்கணக்காக மண்டியிட வேண்டும். பெரிய பையன்களைக் கொண்டு சின்னப் பையன்களை அடிக்கவைப்பார்கள். கை ஓங்கத் தயங்கினால் தயங்கியவனுக்கு அடி. எழுதும் கடிதத்தை வாத்தியார் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். ஏழுமலை அதில் இரண்டு வருஷம் இருந்தார்.

வெளியே வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்போதும் விடிவதற்கு முன்னால் எழுந்து பாயைச் சுருட்டி அதன் பக்கத்தில் நிற்பார், யாரோ வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதுபோல. ஜவுளிக் கடையில் எந்தச் சட்டை வேண்டும் என்று கேட்டால் வியர்த்துவிடும். அம்சாதான் எடுத்துக் கொடுப்பாள். மழைக்காலத்தில் முழங்கால் மடங்காது. யாராவது பின்னால் வந்து தோளைத் தொட்டால் கண் நிலைகுத்திவிடும். ஊரில் அவருக்கு நல்ல பெயர். அவரைக் காட்டி, அந்த இடத்தின் பெயரைச் சொல்லி, வேறு பிள்ளைகளை மிரட்டுகிற அளவுக்கு நல்ல பெயர்.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காயத்தோடு வருகிறவர்களை நாம் தவறவிட மாட்டோம். கத்துகிறவர்கள், கையை அறுத்துக்கொள்கிறவர்கள் எப்படியும் நம் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அடங்கிப்போனவர்களை யாரும் கூட்டிக்கொண்டு வருவதில்லை. ‘போய் வந்த பிறகு ரொம்ப நல்ல பிள்ளை ஆகிவிட்டான்’ என்று ஒரு வீட்டில் சொன்னால், எங்கே போய் வந்தான் என்று கேளுங்கள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

நெல் அறுவடை முடிந்து மில்லில் வேலை அதிகமாக இருந்த சமயம். எங்கள் கிளினிக் நாளில் பதினோரு மணிபோல அம்சா போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

“மேடம், இவர ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போயிட்டாங்கோ. மில்லு லீவு அன்னிக்கு மோட்டார் கேபிள் காணா போச்சாம். இவரு நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்டாராம். அவரு எடுக்கல மேடம். அன்னிக்கு பூரா வூட்ல என்கூடதான் இருந்தாரு.”

டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஸ்டேஷன் அதிக தூரமில்லை. போகிற வழியில் என்ன சொல்வது என்று யோசித்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

உள்ளே ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்கள் அறையில் முதல் நாள் உட்கார்ந்த அதே மாதிரி. அம்சா சுவரோரம் நின்றிருந்தாள். மில் முதலாளி வாசல் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார்.

“நாங்க ஒரு அடி கூட அடிக்கல மேடம். கேட்டோம், ஒத்துக்கிட்டாரு. செங்கல்பட்டுல பழைய இரும்புக் கடைல போட்டேன்னு சொல்றாரு. கையெழுத்தும் போட்டுட்டாரு. மத்தியானம் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிடுவோம்.”

அடிக்காமலே வேலை முடிந்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒருவன் தானே முன்வந்து செய்தேன் என்று சொன்னால், எந்தப் போலீஸ்காரர் இல்லை என்று நினைப்பார்?

மத்தியானம் கோர்ட், அங்கிருந்து ஜெயில். பூட்டிய அறை, மணி அடித்தால் எழுந்திருப்பது, கேட்டால் மட்டும் பதில் சொல்வது. ஏழுமலை அங்கே ஒரு பிரச்னையும் செய்ய மாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த ஆஸ்டல் வாழ்க்கைக்குள்ளேயே அவர் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடுவார். 

‘இவர் எங்களிடம் சிகிச்சையில் இருக்கிறார் சார்’ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? மில் முதலாளி காதில் விழும். மனநோய்க்காரன் திருடினான் என்று சாயங்காலத்துக்குள் ஊர் பேசும். மெஷின் வேலை போகும். அதைவிட, அவருக்கு நடந்தது அவருடையது. என்னிடம் நம்பிச் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் எடுத்து இன்னொருவர் மேஜையில் வைக்க எனக்கு உரிமையில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, “ஏழுமலை, உங்களப் பத்தி இவருகிட்ட நான் சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

“சொல்லுங்க மேடம்.”

“சொல்லாம இருக்கட்டுமா?”

“சரி மேடம்.”

என் சிக்கல் புரிகிறதா? சம்மதம் வாங்கிவிட்டுச் செய் என்று உங்களுக்கும் எனக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மறுக்கவே முடியாத ஒருவர் தருகிற சம்மதம் என்ன சம்மதம்? அவர் ‘சொல்லுங்க’ என்றதும் செங்கல்பட்டுக் கடையில் போட்டேன் என்றதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நான் நடக்க முடியாது.

சப்-இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாத மாதிரி கேட்க வேண்டும்.

“ஏழுமலை, மூணு வழி இருக்கு. நான் பேசலாம். அம்சா பேசலாம். இல்ல யாருமே பேசாம, வக்கீல் வர்ற வரைக்கும் இருக்கலாம். மூணுல எது?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. சட்டைக் கடையில் நிற்பதுபோல அவர் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது சுலபமில்லை. நீங்களும் ஒரு நாள் அப்படி இருக்க வேண்டியிருக்கும்; உதவி செய்கிற வாயை அடக்குவதுதான் இந்த வேலையில் கஷ்டமானது.

“அம்சா,” என்றார் கடைசியில்.

அந்த நேரம் பார்த்து அவருடைய அப்பா உள்ளே வந்தார். கன்னியப்பன். வயலிலிருந்து நேராக வந்திருந்தார். காலில் சேறு காயவில்லை. யாரையும் பார்க்காமல் மகன் முன்னால் போய் நின்றார்.

“உன்ன திருத்தறதுக்கு நான் இன்னா பாடு பட்டேன். அங்க வுட்டு இட்டாந்ததுலேர்ந்து எதிர்த்து ஒரு வார்த்த பேசினதில்லன்னு ஊரே சொல்லிக்கினு கீது. இப்ப திருடன்றாங்கோ. தலநிமிந்து நடக்க முடியுமா நான்?”

“மன்னிச்சிடு நைனா,” என்றார் ஏழுமலை.

“பாத்தீங்களா சார்,” என்றார் கன்னியப்பன் சப்-இன்ஸ்பெக்டரிடம். “ஒத்துக்கிறான்.”

அம்சா சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, மாமனாரைப் பார்க்கவில்லை. கணவர் எதிரில் நின்றுகொண்டு, வீட்டில் பேசுகிற குரலில் கேட்டாள்.

“இன்னாங்க, போன வாரம் நம்ம ஆடு காணாம போச்சே. அத பிடிச்சிக்கினு போயி வித்ததும் நீங்கதான?”

ஏழுமலை அவளைப் பார்த்தார்.

“ஆமா,” என்றார். “நான்தான்.”

“யார்கிட்ட வித்தீங்க?”

“உத்திரமேரூர் சந்தைல. ஒரு பாய்கிட்ட.”

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆடும் காணாம போச்சா? ஏம்மா புகார் குடுக்கல?”

“எங்க வூட்ல ஆடே கிடையாது சார்,” என்றாள் அம்சா.

 போன் பேசிக்கொண்டிருந்த மில் முதலாளியும் நிறுத்திவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் ஏழுமலையையும் கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கன்னியப்பன்தான் பேசினார். குரல் இறங்கிவிட்டிருந்தது.

“பண்ணாதத ஏன்டா பண்ணேன்ற?”

“இல்லன்னு சொன்னா முடியாது நைனா.”

“எது முடியாது?”

“அங்க சாயங்காலம் எல்லாரையும் வட்டமா ஒக்கார வப்பாங்கோ. உங்கள்ல ஒருத்தன் தப்பு பண்ணி கீறான், யாரு, வெளிய வாடான்னுவாங்கோ. தப்பே நடந்திருக்காது நைனா. ஆனா யாராவது ஒத்துக்கற வரைக்கும் எவனுக்கும் சோறு கிடையாது. சின்னப் பசங்க அழுவானுங்கோ. நான்தான்னு சொல்லிட்டா என்ன மட்டும் தனியா இட்டுக்கினு போவாங்கோ. மத்தவனுங்க சாப்புடுவானுங்கோ.” வாசல் பக்கம் மில் முதலாளியைப் பார்த்தார். “காலைல மில்லுல, பெருக்குற அம்மாவ நிக்கவச்சு கேட்டுக்கினு இருந்தாங்கோ. அது அழுதுக்கினு இருந்துச்சு.”

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அம்சாவும் கேட்டதில்லை என்று பிறகு சொன்னாள்.

 கன்னியப்பன் வெளியே போய்த் தன் வண்டி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். சப்-இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்து மேஜை டிராயரில் போட்டார். “இரும்புக் கடையில ஆளனுப்பிக் கேட்டிருக்கணும் மேடம். ஒத்துக்கிட்டதும் விட்டுட்டேன்,” என்றார். அன்று மத்தியானமே ஏழுமலை வீட்டுக்குப் போனார். கேபிளை எடுத்தது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. மில் முதலாளி ஏழுமலையை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதுவும் ஓர் ஆறுதல்.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, கன்னியப்பன் தனியாக எங்கள் கிளினிக்குக்கு வந்தார். சீட்டு வாங்கவில்லை. கூட்டம் தீரும்வரை வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

“நான் ஒரு வாட்டி பாக்க போனேன் மேடம்,” என்று ஆரம்பித்தார். “ஆபீஸ் ரூம்ல ஒக்கார வச்சு டீ குடுத்தாங்கோ. பையன் வந்து கைய கட்டிக்கினு நின்னான். நல்லா கீறேன் நைனா, இங்கியே இருக்கேன்னான். பக்கத்துல அந்த சாரு நின்னுக்கினு இருந்தாரு. என் புள்ள கைகட்டி நின்னு நான் பாத்ததே இல்ல. சந்தோஷமா பஸ் ஏறி வந்துட்டேன்.”

 நீங்கள் இளம் ரத்தம். இப்படிப்பட்ட தகப்பன்மேல் கோபம் வரும். வரட்டும், ஆனால் அதை மேஜையில் வைக்காதீர்கள். மனைவி போய்விட்டாள், பிள்ளை கைமீறுகிறான், கேட்பதற்கு ஓர் ஆள் இல்லை. அந்த வருஷம் அந்த வீட்டுக்கு யாராவது ஒருவர் போய்ப் பேசியிருந்தால், அந்த மலையடிவார வேனுக்கு அங்கே வேலையிருந்திருக்காது. அந்த இடங்கள் பிழைப்பதே தகப்பன் தாயின் களைப்பை வைத்துத்தான்.

“அது இன்னும் நடந்துக்கினு கீதா மேடம்?” என்று கேட்டார்.

நடக்கிறது என்றேன். நான் விசாரித்திருந்தேன். குழந்தைகள் பாதுகாப்பில் வேலை செய்த தோழி ஒருத்தி, அங்கே இருந்து வந்தவர் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் போதும், மேலதிகாரிகளை உள்ளே அனுப்பிவிடுவேன் என்றாள். எனக்குத் தெரிந்து அப்படி ஒருவர் ஏழுமலைதான்.

அவரிடம் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. அவர் பழகிக்கொண்டிருந்த முறையிலேயே கேட்டேன். அதிகாரியிடம் நேரில் சொல்வது ஒரு வழி. எழுதிக் கொடுப்பது ஒரு வழி. ஒன்றும் செய்யாமல் இருப்பது ஒரு வழி. எது என்று அடுத்த வாரம் சொன்னாலும் போதும் என்றேன். அடுத்த வாரம் வந்தார். அறைக்குள் வந்ததுமே சொல்லிவிட்டார், மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்போல.

“வேணாம் மேடம். நான் சொல்லமாட்டேன்.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். 

உள்ளே இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. அது உண்மை. அதைச் சொல்லியிருந்தால் அவர் அந்த நிமிஷமே சம்மதித்திருப்பார். சின்னப் பையன்கள் சாப்பிடட்டும் என்று மறுபடியும் எழுந்து போயிருப்பார். அதனால்தான் சொல்லவில்லை.

“சரி,” என்றேன். “மாத்திரை இன்னும் எத்தன நாளைக்கு இருக்கு?”

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

தோழிக்கு என்மேல் கோபம். “உன் ஆளு ஒருத்தரோட மனசு உனக்கு முக்கியம். எனக்கு உள்ள இருக்கிற அத்தனை பேரும் முக்கியம்,” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. நான் செய்தது சரிதானா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன். ஆனால் நிம்மதியாகச் செய்வேன் என்று சொல்ல மாட்டேன்.

வழி வேறு பக்கத்திலிருந்து திறந்தது. கன்னியப்பன் புகார் கொடுத்தார். என் தோழி அவரிடம், நீங்கள் உள்ளே நடந்த எதையும் பார்க்கவில்லையே, எதைச் சொல்லிப் புகார் கொடுப்பீர்கள் என்று கேட்டாளாம்.

“புள்ளைய நான் வுட்டேன். ரெண்டு வருஷத்துல ஒரு வாட்டி கூட அவன்கிட்ட தனியா பேச வுடல. அது நான் கண்ணால பாத்தது. அத எழுதிக்கோங்கோ. மீதி நீங்க போயி பாருங்கோ,” என்றாராம்.

அவர் புகார் கொடுத்தது தெரிந்து, வேறு ஊர்களிலிருந்து இன்னும் சில தகப்பன் தாய்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சில பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். நடத்தியவர் செல்வாக்குள்ளவர், நாள் பிடித்தது. கடைசியில் அதிகாரிகள் உள்ளே போனார்கள், அந்த இடம் மூடப்பட்டது, பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. நடத்தியவர் வேறு பெயரில் வேறு எங்கோ தொடங்கியிருக்கிறார் என்றுகூடக் கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீடு திரும்பிய பிள்ளைகளில் ஜோயல் ஒருவன். சாலவாக்கம் பக்கம். பதினாறு வயது. அம்மா எஸ்தர், நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிறவள். யாரோ நல்லெண்ணத்தில் சிபாரிசு செய்து, செலவில்லாமல் அங்கே சேர்த்துவிட்டிருந்தார்கள். தோழி அவர்களை எங்களிடம் அனுப்பினாள். எஸ்தர் வந்த அன்றே கேட்டாள்.

“புள்ள தங்கமா கீறான் மேடம். கத்தறதில்ல, வெளிய சுத்தறதில்ல. போட்டத தின்னுட்டு மூலைல ஒக்காந்துக்கறான். அவன இட்டுக்கினு நான் எதுக்கு வாரா வாரம் வரணும்? ஒரு நாள் வேல போவுதே.”

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஜோயல் வெளியே பெஞ்சில் இருந்தான். அதே பெஞ்சில், மாத்திரைக்கு வந்த ஏழுமலையும் அம்சாவும் இருந்தார்கள். ஏழுமலை எழுந்து வாசலுக்கு வந்தார்.

“மேடம், இந்த அம்மாகிட்ட ஒண்ணு சொல்லட்டுமா?”

அனுமதி கேட்பதுபோலத்தான் இருந்தது. ஆனால் என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. உள்ளே வந்து எஸ்தர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பையன் தட்டுல எதனா மிச்சம் வக்கிறானாம்மா?”

எஸ்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒரு பருக்க வக்கமாட்டான். வழிச்சு தின்றான்.”

“எவ்ளோ போட்டாலும்?”

அவள் யோசித்தாள். “எவ்ளோ போட்டாலும்.”

“அங்க மிச்சம் வச்சா அடுத்த வேளைக்கு அதேதான். கெட்டுப்போனாலும் அதேதான். வாந்தி எடுத்தாலும் தின்னணும். போதுமான்னு அவன கேக்காதீங்க, உங்க மூஞ்சிய பாத்து பதில் சொல்லுவான். குண்டாவ அவன் பக்கத்துல வச்சிட்டு எந்திரிச்சி போயிடுங்க. அவனே போட்டுக்கட்டும். மிச்சம் வச்சான்னா திட்டாதீங்க.”

“சோத்த எப்டிப்பா வீணாக்க வுடறது? நாளெல்லாம் சேத்துல நின்னாதான் அந்த சோறு.”

“தெரியும்மா. கொஞ்ச நாளிக்கி.”

“நீயும் அங்க இருந்தியா?”

அவர் தலையாட்டினார்.

“உனக்கு எத்தினி நாள்ல சரியாச்சு?”

“எனக்கு இன்னும் ஆவல,” என்றார். “என்ன யாரும் இட்டுக்கினு வரல. நீங்க இட்டுக்கினு வந்துகீறீங்கோ.”

 மறு வாரம் எஸ்தர் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்காருவாள். புதிதாக ஒன்றுமில்லை மேடம் என்பாள். ஜோயல் பெஞ்சில் முதுகு படாமல் உட்கார்ந்திருப்பான். நாங்கள் பேசுவோம், அவன் ஆமாம் என்பான், போவார்கள். நடவு தொடங்கி முடிந்தது. இது ஒன்றும் நகரவில்லையோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தபோது, ஒரு நாள் அவள் உள்ளே வந்து உட்காருவதற்கு முன்னாலேயே சொன்னாள்.

“நேத்து மிச்சம் வச்சிட்டான் மேடம். ரெண்டு வாய் இருக்கும். வேணாம்மான்னு சொல்லிட்டு எந்திரிச்சி போயிட்டான்.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“இன்னா பண்றது. பின்னாடி போயி நின்னு அழுதேன். அப்பறம் வந்து அத நானே தின்னுட்டேன்.”